திறவாக் கதவுகளும் திரும்பாப் பிள்ளைகளும்

டிசம்பர் 3-ஆம் நாள் என்றதும் நம் பங்கு மக்களின் உள்ளத்தில் எழுவது புனித சவேரியாரின் திருவுருவமே. 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து, கையில் மணியேந்தி, சிறுவரையும் பெரியோரையும் கூட்டிச் செபங்களைக் கற்பித்த அம்மாமுனிவரின் திருநாள் அது. அவருடைய திருப்பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் ஒன்றைச் சேசு சபையார் கடல் கடந்த அமெரிக்க நாட்டிலும் நடத்தி வருகின்றனர். ஓகையோ மாநிலத்தில், ஓகையோ ஆற்றின் கரையில், சின்சினாட்டி என்னும் நகரில் அது அமைந்துள்ளது. செர்மானியக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெருமளவில் குடியேறி, ஆலயங்களை எழுப்பி வளர்த்த பழைய நகரம் அது.

அந்நகரில், 1979-ஆம் ஆண்டு அதே டிசம்பர் 3-ஆம் நாள், திங்கட்கிழமை இரவு நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு கழிந்த மறுநாள் அது. நிகழ்ந்த இடம் ஆலயம் அன்று. ராக் இசை நிகழ்ச்சி நடைபெறவிருந்த ஓர் அரங்கம். இசை கேட்கச் சென்ற இளைஞருள் பதினொரு பேர் வீடு திரும்பவில்லை.

குடும்ப இதழில் ராக் இசைக்கு என்ன வேலை என்று வாசகருள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். அந்த இசையைப் புகழவும் இகழவும் நாம் எழுதவில்லை. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும், மக்களை ஓரிடத்தில் கூட்டுகின்ற எவருக்கும், பங்குக் குருக்களாகிய நமக்கும் அந்த இரவு கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. அதனை மறந்தால் மீண்டும் மீண்டும் கண்ணீர் சிந்த நேரும் என்பதாலேயே எழுதுகின்றோம்.

கேள்வியே பெயரான குழு

அன்று பாட வந்தவர்கள் இங்கிலாந்து நாட்டினர். 1964-இல் இலண்டன் மாநகரில் உருவான அவர்களுடைய இசைக்குழுவுக்கு ‘தி ஹூ’ என்று பெயர். ‘யார்’ என்னும் கேள்வியையே பெயராக வைத்துக்கொண்ட விந்தையான குழு அது. பாடகர் ரோஜர் டால்ட்ரி, கிட்டார் வாசித்துப் பாடல்களையும் இயற்றிய பீட் டவுன்செண்ட், தாழ்சுருதிக் கிட்டார் வாசித்த ஜான் என்ட்விசில், டிரம் முழக்கிய கீத் மூன் ஆகிய நால்வரும் உலகெங்கும் புகழ் பெற்றிருந்தனர். மூன் 1978-இல் காலமானார். அவருடைய இடத்துக்குக் கென்னி ஜோன்ஸ் வந்து சேர்ந்தார்.

காதைப் பிளக்கும் ஓசைக்கும், மேடைமேல் கிட்டாரை அடித்து உடைக்கும் ஆவேசத்துக்கும் பெயர்பெற்ற குழு இது. ஆயினும் இவர்களுடைய இசையில் ஆரவாரம் மட்டுமே இருந்தது என்று கூறிவிட இயலாது. 1969-இல் வெளிவந்த ‘டாமி’ என்னும் இசைத்தொடர், காணவும் கேட்கவும் பேசவும் இயலாத ஒரு சிறுவனின் கதையைச் சொல்வது. 1973-இல் வந்த ‘குவாட்ரோபீனியா’, தான் யார் என்று அறியாமல் தவிக்கும் ஓர் இளைஞனின் உள்ளப் போராட்டத்தைச் சொல்வது. வீட்டிலும் பள்ளியிலும் தம்மைப் புரிந்துகொள்வார் இல்லை என்று மனம் குமைந்த இளைஞர் பலர், தம் நெஞ்சின் குரலை வேறொருவர் வாயிலாகக் கேட்டதாக எண்ணினர். ரசிகர் என்னும் ஒரு சொல்லுக்குள் இத்தகைய தவிப்பும் அடங்கியிருப்பதைப் பெற்றோராகிய நாம் அறிந்திருத்தல் நலம்.

அந்த மாலைப் பொழுது

நிகழ்ச்சிக்கென 18,348 நுழைவுச் சீட்டுகள் விற்பனையாயின. அவற்றுள் 14,770 சீட்டுகளில் இருக்கை எண் கிடையாது. முன்பதிவில்லாத இரயில் பெட்டியில் முந்தி ஏறுபவருக்கே இடம் கிடைப்பதுபோல, முதலில் உள்ளே ஓடுபவர் மேடையருகே நிற்கலாம். பிந்தியவர் தூரத்தில் நிற்க வேண்டும். இந்த ஏற்பாட்டினால் நடத்துவோருக்கு இலாபம் மிகுதி. நாற்காலிகள் போடாத தரையில் கூடுதலான மக்களை நிற்க வைக்கலாம் அன்றோ?

இதன் விளைவு யாது? அன்புக்குரிய பாடகரை அருகில் நின்று காண விரும்பிய ரசிகர் பிற்பகலிலேயே அரங்கத்தின் வாயிலுக்கு வந்து சேர்ந்தனர். அண்டை ஊர்களிலிருந்து நண்பர்களாகவும் உடன்பிறந்தோராகவும் இளந்தம்பதியராகவும் வந்தனர். ஆற்றின்மேல் வீசிய குளிர்காற்று உடலைத் துளைத்தது. பொழுது சாயச் சாயக் கூட்டம் பெருகிற்று. இரவு 7 மணி அளவில் ஏறத்தாழ 8,000 பேர் மூடிய கண்ணாடிக் கதவுகளின் முன் நெருக்கி நின்றனர். வரிசை இல்லை, வரிசையை உண்டாக்கும் தடுப்புகளும் இல்லை. பின்னால் வருபவர் ஒவ்வொருவரும் ஓரடி முன்னே வைக்க, முன்னால் நின்றவர் கதவோடு கதவாக நசுங்கலாயினர்.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து இசையொலி கேட்டது. கருவிகளைச் சரிபார்க்கும் ஒலிச் சோதனையே அது என்று பின்னர் கூறப்பட்டது. வெளியே நின்றவர்களோ நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று எண்ணினர். மாதக்கணக்கில் காத்திருந்து, உழைத்துச் சேர்த்த பணத்தில் சீட்டு வாங்கி, மணிக்கணக்காகக் குளிரில் நின்றவனுக்கு அந்த ஓசை எத்தகைய பதைப்பை உண்டாக்கியிருக்கும்! கூட்டம் அலைபோல் முன்னே பாய்ந்தது.

கதவுகள் பல இருந்தன. திறக்கப்பட்டவை மிகச் சிலவே. சீட்டு வாங்கிப் பார்க்கும் ஊழியர் போதிய அளவில் இல்லை. சீட்டில்லாதோர் உள்ளே புகுந்துவிடுவரோ என்னும் அச்சமும் இருந்தது. வெளியே காவலுக்கு நின்ற போலீசாரின் அதிகாரி மேலும் கதவுகளைத் திறக்குமாறு கேட்டும் உடனடியாகப் பயன் விளையவில்லை. ஆயிரக்கணக்கானோரின் உடற்பாரம் முழுவதும் அந்தச் சில கதவுகளை நோக்கிச் சாய்ந்தது. கால் தரையில் படாமலே சிலர் தூக்கிச் செல்லப்பட்டனர். ஒருவர் விழ, அவர்மேல் இன்னொருவர் விழ, அவர்கள் விழுந்ததை அறியாத பின்வரிசை மேலும் நெருக்கிற்று.

8 மணிக்குச் சற்று முன்னரே போலீசார் முதல் உடலைக் கண்டனர். பின்னர் ஒவ்வொன்றாகப் பதினொன்று கண்டெடுக்கப்பட்டன. எழுவர் ஆண்கள், நால்வர் பெண்கள். மிக இளையவர்கள் பதினைந்து வயதுச் சிறுமியர் இருவர். மூத்தவருக்கு வயது 27. சிறு பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்த இளந்தாயரும் அவர்களுள் இருந்தனர். கூட்டம் உள்ளே சென்ற பின் அந்த முற்றத்தில் எஞ்சிக் கிடந்தவை காலணிகளும் கிழிந்த மேலாடைகளுமே.

உள்ளே இசை, வெளியே மரணம்

இதன் பின் நடந்தது நம்மை மேலும் திகைக்க வைக்கிறது. நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை, முழுமையாக நடந்தேறிற்று! இரக்கமில்லாத செயல் என்று உடனே தீர்ப்பிடத் தோன்றும். ஆயின் அங்கிருந்த அதிகாரிகள் ஓர் இக்கட்டில் இருந்தனர். நிகழ்ச்சி இல்லை என்று அறிவித்தால், உள்ளே இருக்கும் பல்லாயிரவர் கொதித்தெழுந்து, உதவிப் பணி நடந்துகொண்டிருந்த அதே வாயில்களை நோக்கி மீண்டும் பாய்வர் என அஞ்சினர். எனவே இசைக்குழுவின் மேலாளர் பில் கர்ப்பிஷ்லியும் அதிகாரிகளும் நிகழ்ச்சியைத் தொடரவிட முடிவு செய்தனர். பாடியவர்களுக்கும் செய்தி மறைக்கப்பட்டது. கடைசிப் பாடல் முடிந்து மேடையை விட்டு இறங்கிய பின்னரே அவர்கள் அறிந்தனர்.

அந்த இரவில் உள்ளே இருந்த ரசிகனின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒளி வெள்ளத்தில் மூழ்கி, கைதட்டி, தொண்டை வறளக் கத்தி, தன் வாழ்வின் இன்பமான இரவு இதுவே என்று அவன் மகிழ்ந்துகொண்டிருக்கிறான். அவனோடு வாயிலில் தோளோடு தோள் உராய்ந்து நின்ற ஒருவன் சில கசங்கள் தள்ளி வெளியே போர்வைக்குள் கிடக்கிறான். கைப்பேசி இல்லாத காலம் அது. வானொலியும் தொலைக்காட்சியும் செய்தியை ஊருக்கு அறிவித்துவிட்டன. அரங்கத்தினுள் இருந்தவர்களுக்கோ தெரியவில்லை. தம் பிள்ளை உள்ளே பாடிக்கொண்டிருக்கிறானா, வெளியே கிடக்கிறானா என்று அறியாமல் எத்தனை தாய்மார் கதவைப் பார்த்தபடி விழித்திருந்தனரோ! ஆண்டவரே அறிவார்.

பழி யார்மேல்?

மறுநாளே பழி சுமத்தும் படலம் தொடங்கிற்று. போதைப் பொருளும் மதுவும் உட்கொண்ட வெறியர் ஒருவரையொருவர் மிதித்துக் கொன்றனர் என்று பேசினோர் பலர். சிகாகோ நகரத்துப் பத்தி எழுத்தாளர் ஒருவர் அந்த இளைஞரைக் காட்டுமிராண்டிகளோடு ஒப்பிட்டு எழுதினார். இத்தகைய இசையைக் கேட்டால் இத்தகைய முடிவுதான் என்று அறவுரை கூறியவர்களும் இருந்திருப்பர். பிள்ளையை இழந்து நின்ற பெற்றோரின் செவியில் இச்சொற்கள் எவ்வாறு விழுந்திருக்கும்!

லூக்காஸ் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தை இங்கு நினைவுகூர வேண்டும். சீலோவாமில் கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் மாண்டதைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். எருசலேமில் வாழ்ந்த ஏனையோரைவிட அவர்கள் கொடிய பாவிகள் என்று எண்ணுவதை அவர் அறவே மறுக்கிறார். இறந்தோரின் குற்றத்தைத் தேடுவதை விடுத்து, உயிரோடிருக்கும் நாம் மனந்திரும்ப வேண்டும் என்பதே அவருடைய போதனை.

உண்மையும் அந்த ஏச்சுகளுக்கு மாறாகவே இருந்தது. அங்கு எவரும் எவரையும் துரத்தி ஓடவில்லை. ஓடுவதற்கு இடமே இல்லை. இறந்தவர்கள் மாண்டது பெரும்பாலும் மிதிபட்டு அன்று, மூச்சு முட்டி. விழுந்தவரைக் கைதூக்கி விட்டவர்களும், மயங்கியவரைத் தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றிக் கொடுத்தவர்களும் அதே ரசிகர்களே. அவர்களுடைய கைகள் இல்லையேல் பதினொன்று என்னும் எண் இன்னும் பெருகியிருக்கும் எனலாம்.

நகராட்சி விழித்தெழுந்தது. அதே மாதம் 27-ஆம் நாள், இருக்கை எண் இல்லாமல் சீட்டு விற்கும் முறையைத் தடை செய்தது. கூட்டப் பாதுகாப்பை ஆராயக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. பிள்ளைகளை இழந்த குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். அந்தத் தடை 2004 வரை நீடித்துப் பின்னர் விலக்கப்பட்டது.

நெரிசலின் இயல்பு

கூட்ட நெரிசல் என்பது என்ன என்பதைப் படித்தவர்களும் சரிவர அறிந்திருப்பதில்லை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் இரண்டு மூன்று பேர் நின்றால் விரும்பியபடி நகரலாம். ஆறு ஏழு பேர் நின்றாலோ, அவர்கள் தனித்தனி மனிதராக இயங்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றனர். கூட்டம் நீர்போல் ஆகிவிடுகிறது. எங்கோ ஒருவர் தள்ளியதால் எழும் அலை பல அடி தூரம் பாய்ந்து, அங்கே நிற்பவரைச் சாய்த்துவிடும். வலிமையுடைய இளைஞனும் அதனை எதிர்த்து நிற்க இயலாது. இரும்புக் கம்பித் தடுப்பும் வளைந்துவிடும். நாற்புறமும் நெருக்குண்ட மார்பு விரிய இடமின்றி மூச்சு நின்றுவிடுகிறது. நின்ற நிலையிலேயே உயிர் பிரிந்தவர்களும் உண்டு.

ஜான் புரூயின் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர் இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து, 1993-இல் நான்கு சொற்களில் விளக்கினார்: விசை, செய்தி, இடம், நேரம். தள்ளும் விசை மிகும்போது, முன்னே நடப்பதைப் பின்னே நிற்பவருக்கு அறிவிக்கும் செய்தி இல்லாதபோது, நிற்கவும் செல்லவும் இடம் குறையும்போது, குறுகிய நேரத்தில் அனைவரும் ஒருசேர நுழையவோ வெளியேறவோ முயலும்போது விபத்து நேர்கிறது. சின்சினாட்டியில் இந்த நான்கும் கூடின. இவற்றுள் எதுவும் இசையினால் வந்தது அன்று. ஏற்பாடு செய்தோரின் கவனக் குறைவினால் வந்தவையே.

இசை அரங்குகளில் மட்டுமா இது நேர்கிறது? 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில், கிரிக்கெட் வெற்றியைக் கொண்டாட விளையாட்டரங்க வாயில்களில் திரண்டவர்களுள் 11 பேர் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று நம் கரூரில் அரசியல் கூட்டம் ஒன்றில் 41 உயிர்கள் பறிபோயின. குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். பாடகர், ஆட்டக்காரர், தலைவர் என்று காணச் சென்றவர் வேறு வேறு. நெரிசலின் இயல்போ ஒன்றே.

ஆண்டவரும் மக்கள் கூட்டமும்

நம் ஆண்டவரைப் போல் மக்கள் திரளால் நெருக்குண்டவர் எவரும் இல்லை. மாற்கு நற்செய்தியை இந்த நோக்கோடு படித்தால் வியப்பு மேலிடும். 3-ஆம் அதிகாரத்தில், மக்கள் தம்மை நெருக்கிவிடாதபடி ஒரு படகை ஆயத்தமாக வைக்குமாறு சீடருக்குப் பணிக்கிறார். புதுமைகள் செய்ய வல்லவர், முன்னெச்சரிக்கையைப் புறக்கணிக்கவில்லை! ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிப் பொறுப்பைக் கைகழுவுவோர் இந்தப் படகை மறக்கலாகாது.

6-ஆம் அதிகாரத்தில் அப்பம் பகிர்ந்தளிக்கும் நிகழ்ச்சி வருகிறது. பசித்த ஐயாயிரம் ஆண்கள் திரண்டிருக்கின்றனர். உணவு வரும் என்று அறிந்தால் அக்கூட்டம் என்னவாகும்? ஆண்டவர் அப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னரே, அனைவரையும் பசும்புல்லின்மீது அமரச் செய்கிறார். நூறு பேராகவும் ஐம்பது பேராகவும் வரிசை வரிசையாக அமர்கின்றனர். முதலில் ஒழுங்கு, அதன் பின்னரே விருந்து. முந்தியவருக்குப் பெரிய துண்டு, பிந்தியவருக்குச் சிறு துண்டு என்னும் முறை அங்கு இல்லை. எனவே எவரும் எவரையும் தள்ள வேண்டிய தேவையும் இல்லை.

5-ஆம் அதிகாரம் அனைத்திலும் மேலானது. நாற்புறமும் மக்கள் நெருக்கித் தள்ள, பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய ஒரு பெண் அவருடைய ஆடையைத் தொடுகிறாள். தம்மைத் தொட்டது யார் என்று ஆண்டவர் கேட்கிறார். இவ்வளவு பேர் நெருக்கும்போது இது என்ன கேள்வி என்று சீடர் வியக்கின்றனர். சீடரின் கண்களுக்குக் கூட்டம் தெரிந்தது. ஆண்டவரின் கண்களுக்கு அதனுள் இருந்த ஒருத்தி தெரிந்தாள். நோயும் அச்சமும் நம்பிக்கையும் உடைய ஒருத்தி. அவர் மகளே என்று அழைத்த ஒருத்தி.

‘யார்?’ சின்சினாட்டி அரங்கத்தின் விளம்பரங்களிலும் இந்தச் சொல்தான் குழுவின் பெயராக இருந்தது. ஆனால் கதவுகளுக்குப் பொறுப்பானவர்கள் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை. வெளியே நிற்பவர் யார் என்று கேட்டிருந்தால், பதினைந்து வயதுச் சிறுமி, தங்கையை அழைத்து வந்த அண்ணன், வீட்டில் குழந்தையை உறங்க வைத்துவிட்டு வந்த தாய் என்று கண்டிருப்பர். அவர்கள் கண்டது கூட்டம். கூட்டத்துக்கு முகம் இல்லை. எனவே அதன் வருகைக்கு அஞ்சிக் கதவை மூடி வைப்பது எளிது.

நாம் செய்யத்தக்கவை

நம் பங்குகளிலும் கொடியேற்றம், தேர்ப்பவனி, கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி, புனித வெள்ளித் திருச்சிலுவை ஆராதனை ஆகியவற்றுக்கு மக்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். மணியடித்து மக்களைக் கூட்டும் நாம் அவர்கள் பத்திரமாக வீடு சேரும்வரை பொறுப்பாளிகள் என்பதை மறுக்க இயலுமா?

ஆகையால் திருநாள்களில் ஆலயத்தின் பக்கவாயில்கள் அனைத்தும் திறந்திருத்தல் வேண்டும். பூட்டியே ஆக வேண்டுமெனில் திறவுகோலுடன் ஒருவர் அங்கேயே நிற்றல் வேண்டும். நடைவழியில் கூடுதல் நாற்காலிகளையும் மின்கம்பிகளையும் போடலாகாது. உள்ளே வருவோரும் வெளியே செல்வோரும் ஒரே வாயிலில் மோதாதபடி வழிகளைப் பிரித்தல் நலம். முன்னே என்ன நடக்கிறது என்பதைப் பின்னே நிற்போருக்கு ஒலிபெருக்கியில் அமைதியான குரலில் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்னதானத்திலும் பரிசுப் பொருள் வழங்குவதிலும் ‘முந்துபவர்க்கே கிடைக்கும்’ என்னும் எண்ணத்தை ஒருபோதும் உண்டாக்கலாகாது. பங்குப் பேரவையும் இளைஞர் மன்றமும் திருநாளுக்கு முன்னரே கூடி இவற்றைத் திட்டமிடுவது, தேரை அலங்கரிப்பதினும் முதன்மையான திருப்பணி என்போம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளைகள் விரும்பும் இசையை நீங்களும் விரும்ப வேண்டும் என்பதில்லை. ஆயின் அவர்கள் எதைக் கேட்கின்றனர், ஏன் கேட்கின்றனர் என்று வினவுங்கள். ஏசினால் பிள்ளை சொல்லாமல் செல்வான். வினவினால் சொல்லிவிட்டுச் செல்வான். எங்கே, யாரோடு, எவ்வழியாக, எப்போது திரும்புவான் என்பதை அறிந்திருக்கும் வீடு, தடுத்தும் அறியாதிருக்கும் வீட்டினும் பாதுகாப்பானது.

இளைஞர்க்கும் ஒரு சொல். கூட்டத்தினுள் நுழைந்ததும் வந்த வழி தவிர வேறு வழி எங்கே உள்ளது என்று பார்த்து வையுங்கள். நெருக்கம் மிகுவதை உணர்ந்தால், மேடை எவ்வளவு அருகில் இருப்பினும் அப்போதே விலகுங்கள். அகப்பட்டுக்கொண்டால் இரு கைகளையும் மார்புக்கு முன் மடித்து, மூச்சுக்கு இடம் செய்துகொள்ளுங்கள். கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். அலையை எதிர்த்துப் போராடாமல், அது தணியும் கணத்தில் பக்கவாட்டில் சரிந்து சரிந்து வெளியேறுங்கள். கீழே விழுந்த செருப்பையோ பணத்தையோ எடுக்கக் குனியாதீர்கள். விழுந்த மனிதரைத் தூக்க மட்டும் உடனே கைநீட்டுங்கள். பின்வரிசையில் நிற்பவர்களே, முன்னே ஓர் அலறல் கேட்டால் ஓரடி பின்னே வையுங்கள். முன்னே நிற்பவரின் உயிர் உங்கள் அந்த ஓரடியில் இருக்கலாம். அயலாரை நேசித்தல் அந்த நேரத்தில் ஓரடி பின்வாங்குதலே.

திரும்பி வந்தவர்கள்

விபத்துக்கு மறுநாளே இசைக்குழுவினர் பபலோ நகரில் பாடினர். தாங்களும் குடும்பத்தாரை இழந்துவிட்டதாகக் கூறி, அந்த நிகழ்ச்சியை மாண்டவர்களுக்கு உரியதாக்கினார் டால்ட்ரி. ஆயினும் துயருற்ற நகரை விட்டு அவ்வளவு விரைவில் அகன்றது அவர்களுடைய நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்பது ஆண்டுகள் சென்றபின், 2019-இல், தாங்கள் அங்கேயே தங்கியிருந்திருக்க வேண்டும் என்று டவுன்செண்ட் மனம் திறந்து கூறினார்.

மாண்டவர்களுள் மூவர் பின்னிடவுன் என்னும் பகுதியின் ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பள்ளித் தோழர்கள், அம்மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பி.ஈ.எம்.’ நினைவு நிதி என ஒன்றை நிறுவி, அப்பள்ளியில் இசையும் கலையும் பயிலும் மாணவர்க்குக் கல்வி உதவி அளித்து வருகின்றனர். 2015-இல் அரங்கத்தின் அருகே பதினொருவருக்கும் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. 2018-இல் டால்ட்ரி அப்பள்ளிக்கு வந்து அஞ்சலி செலுத்தினார். 2022 மே 15 அன்று, 42 ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, அந்தக் குழு சின்சினாட்டியில் மீண்டும் பாடிற்று. அன்று இளைஞராய் வாயிலில் நின்றவர்கள் நரைத்த தலையோடு வந்திருந்தனர். மாண்டவர்களின் குடும்பத்தாரும் வந்திருந்தனர்.

பிள்ளையின் உயிரைப் பறித்த இசை என்று அக்குடும்பங்கள் அதனை வெறுத்திருக்கலாம். அவ்வாறு வெறுத்திருந்தாலும் எவரும் குறை கூற இயலாது. அவர்களோ அதே இசையின் பெயரால் வேறு பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். துயரம் பகையாக முற்றாமல் கனிவாகப் பழுத்த இந்த நிலையை அருளின் செயல் என்றல்லாமல் வேறு என்னவென்று சொல்வோம்!

ஆண்டவர் தம்மைப் பற்றிக் கூறிய உவமைகளுள் வாயில் என்பதும் ஒன்று. ஆடுகள் அதன் வழியாக உள்ளே செல்லும், வெளியே வரும், மேய்ச்சலைக் காணும் என்று யோவான் நற்செய்தியில் உரைக்கிறார். எவரையும் நசுக்காத வாயில் அது; முந்தியவர்க்கும் பிந்தியவர்க்கும் ஒரே வகையாய்த் திறந்திருக்கும் வாயில் அது. திருவருகைக் காலம்தோறும் அவருக்காக நம் உள்ளத்தின் கதவைத் திறந்து வைக்கின்றோம். அவர் அனுப்பும் மக்களுக்காக நம் ஆலயங்களின் கதவுகளும் மண்டபங்களின் கதவுகளும் திறந்திருக்கட்டும். வருகின்ற டிசம்பர் 3 அன்று புனித சவேரியாரின் திருப்பலியில், அந்தப் பதினொருவரையும், பெங்களூரிலும் கரூரிலும் நெரிசலில் மாண்டவர்களையும், அவர்களுக்காகக் காத்திருந்த தாய்மாரையும் ஒரு கணம் நினைந்து மன்றாடுவோமாக.